கெட்டித் தயிரும் ஏழு நிமிஷமும்

கண்ணு,

நீ ஏறிய கோயம்புத்தூர் பஸ் இன்னும் விழுப்புரத்தைத் தாண்டியிருக்காது, அதற்குள் நான் எழுத உட்கார்ந்துவிட்டேன். "போன்ல சொன்னா ஆகாதா, எதுக்கு இவ்ளோ பேப்பரு?" என்று கேட்டுவிட்டு உன் அப்பா லோடு ஆட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரி வுடும்மா" என்று என் வாயை அடைத்துவிடுவாய். கடிதத்துக்கு நடுவே நீ வாய் திறக்க முடியாது, கடைசி வரைக்கும் கேட்டுத்தான் ஆகவேண்டும். சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கிளறுகிறவளுக்கு இவ்வளவு எழுத வருமா என்று சிரிக்காதே. பத்தாம் வகுப்பில் தமிழில் எண்பத்தாறு மார்க் வாங்கியவள் நான்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். போலீஸ் செலக்‌ஷனில் முதல் தடவை நீ ஏன் ஓட்டத்தில் தோற்றாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. உன் காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்து தின்னவைத்து அனுப்பினேனே, அந்தத் தயிர்ச்சோறுதான் காரணம். உன் வயசில் ஒரு முழு வருஷத்தைக் கெடுத்தது என் கை. அதை இரண்டு வருஷமாக என்னிடம் மூச்சு விடாமல் மறைத்து வைத்திருந்திருக்கிறாய். பத்து நாள் லீவில் நீ எதிரே உட்கார்ந்திருந்தபோதெல்லாம் கேட்டுவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. உன் முகத்தைப் பார்த்து என்னால் கேட்க முடியவில்லை.

யார் சொன்னார்கள் என்று யோசிக்காதே, உன் கூட்டாளி தினேஷ்தான். அவனைத் திட்டாதே, பாவம். போன மாதம் மார்க்கெட்டில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தேன், லீவில் வந்தவன் எதிரே வந்து நின்றான். உன்னோடு அதே நாளில் ஓடி முதல் தடவையே தேறியவன் இல்லையா, ஆள் நன்றாக முறுக்கேறியிருந்தான். "இன்னாம்மா, இப்பவும் அவனுக்கு அதே மாதிரி தயிரு ஊத்திக்கினுதான் இருக்கீங்களா?" என்றான். நானும் விஷயம் தெரியாமல் சிரித்தேன். "அன்னிக்கு கிரவுண்டுல மூணாவது ரவுண்டு ஓடிக்கினு இருக்கும்போதே வாந்தி எடுத்துட்டான் பாருங்க, ஃபுல்லா தயிர்ச்சோறு. அப்பவும் வுடல, வாயத் தொடைச்சிக்கினு ஓடினான்மா. எட்டு செகண்டுல போச்சு." சொல்லி முடித்தபிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினான்மா." பொறுக்கிய தக்காளியைக் கடையிலேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் ஏன் அப்படித் தயிரைப் பிடித்துத் தொங்கினேன் என்று உனக்குப் பாதிதான் தெரியும், முழுவதையும் எழுதுகிறேன். நான் பிறந்தது கோலியனூர்ப் பக்கம். எங்கள் காலனியில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் கிடையாது. மல்லாட்டைச் செடி பிடுங்கிக் கடலை ஆய்கிற நாட்களில் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் கொல்லையில் கூலிக்குப் போவேன். மதியத்தில் நிலத்துக்காரர் வீட்டுப் பின்வாசலில் மோர் ஊற்றுவார்கள். அவரவர் தூக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்போம். அந்த வீட்டம்மா செம்பை நன்றாக உயர்த்திப் பிடித்து ஊற்றுவார். செம்பு எங்கள் தூக்கில் பட்டுவிடக் கூடாது. பாதி தூக்கில் விழும், பாதி கையில் வழியும். ஒரு நாள் உள்ளே சட்டியில் வெள்ளை வெளேரென்று தயிர் இருப்பதைப் பார்த்தேன். பத்து வயசுப் புத்தி, "எனக்குக் கொஞ்சம் தயிரு குடுங்கம்மா" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்குக் கோபம்கூட வரவில்லை, சிரிப்புதான் வந்தது. "தயிர்லாம் உங்க வயித்துக்குச் செரிக்காதுடி குட்டி. மோரு குடி, அதான் உடம்புக்கு நல்லது" என்றார். வரிசையில் நின்ற எங்கள் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். அடித்திருந்தால் மறந்திருப்பேன். ஒரு மனுஷிக்கு எது செரிக்கும், எது செரிக்காது என்று இன்னொருத்தி முடிவு செய்ததை என்னால் மறக்க முடியவில்லை.

அதனால்தான் கல்யாணமாகித் திண்டிவனம் வந்து நீ பிறந்ததும் மனசுக்குள் ஒரு சபதம் போட்டுக்கொண்டேன். என் பிள்ளை கெட்டித் தயிர்தான் சாப்பிடுவான், அவன் வயிறு அதைச் செரிக்கும், யார் வேண்டுமானாலும் வந்து பார்த்துக்கொள்ளட்டும். எருமைப் பாலாகத் தேடி வாங்கினேன். சுண்டக் காய்ச்சி, சூடு பதம் பார்த்து உறை ஊற்றுவேன். காலையில் பக்கத்து வீட்டுக்காரி பார்க்கிற மாதிரி வாசலில் வந்து நின்று குண்டானைக் கவிழ்த்துக் காட்டுவேன், ஒரு சொட்டு கீழே விழாது. அடேங்கப்பா, அப்போது எனக்கிருந்த திமிர்! மோர் என்கிற பேச்சே நம் வீட்டில் கிடையாது. ஊரே வெயிலில் வெந்துகொண்டிருக்கும் சித்திரை மாதத்தில்கூட நான் ஒரு மத்து வாங்கியதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் உனக்கு ஒரு கிண்ணம் தயிரில் சர்க்கரை. ராத்திரி சோற்றில் தயிரா, தயிரில் சோறா என்று தெரியாத அளவுக்கு. அதன் மேல் ஏட்டை வழித்துப் போட்டு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு வறுவல். நீ சாப்பிட்டுவிட்டு அப்படியே படுத்துத் தூங்கிவிடுவாய். நீ மொழுமொழுவென்று ஆனபோது மற்ற தாய்மார்கள் கவலைப்பட்டிருப்பார்கள். நான் வெள்ளிக்கிழமை தவறாமல் திருஷ்டி சுற்றிப் போட்டேன்.

உன் வயிறு சொல்லத்தான் செய்தது, நான்தான் காதில் வாங்கவில்லை. எட்டாவது படிக்கும்போதே "நெஞ்சு கரிக்குதும்மா" என்பாய். காலையில் "வயிறு உப்பிக்கினு இருக்குது, இட்லி வேணாம்" என்பாய். உன் அப்பா ஒரு நாள், "ஏன்டி, அது புள்ள வயிறா, தண்ணி டேங்கா? ரொப்பிக்கினே இருக்க" என்று கேட்டார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. தெருமுனை டாக்டரம்மாவிடம் உன்னைக் கூட்டிப்போனேன். அந்தம்மா உன்னை எடை மிஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் சொன்னார்: "தயிர் மேல குத்தம் இல்லம்மா, குடலுக்கு நல்லதுதான். மதியம் ஒரு கிண்ணம் போதும். நீங்க குடுக்கறது அளவு மீறுது. ஏடு, சர்க்கரை, உருளைக்கிழங்கு, சாப்ட உடனே தூக்கம், இதெல்லாம் சேர்ந்தா எடை ஏறாம இன்னா பண்ணும்? கொஞ்ச நாளைக்குத் தண்ணியா மோரா குடுங்க." மோர் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த வீட்டம்மாவின் சிரிப்புதான் கேட்டது. அப்படியே உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். உன் வயிற்றில் கோளாறு என்று நான் ஒத்துக்கொண்டால் அந்த வீட்டம்மா அன்று சொன்னது சரி என்று ஆகிவிடுமாம். என்ன புத்தி பார்! ஊர்ப் பிள்ளைகளுக்கு அளவு பார்த்து உப்புப் போடுகிறவள், சொந்தப் பிள்ளையின் வயிற்றை வைத்து என்றைக்கோ நடந்த சண்டையைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு நீ போலீஸ் வேலைக்குப் போகிறேன் என்றாய். எண்பத்தெட்டு கிலோ உடம்பை வைத்துக்கொண்டு போலீஸா என்று தெருவில் சிரித்தார்கள். நீ எழுத்துப் பரீட்சையைத் தாண்டினாய். ஐந்தாறு மாதம் ஏரிக்கரையில் கோச்சிங் மாஸ்டர் சொன்னபடி மூச்சு வாங்க ஓடி எண்பத்தொன்றுக்கு இறங்கினாய். விழுப்புரம் கிரவுண்டில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிஷத்துக்குள் ஓடவேண்டும், அவ்வளவுதான், வேலை கைக்கு வந்த மாதிரி என்றாய். அன்று விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்து சோற்றைக் குழையப் பிசைந்து, அரைக் குண்டான் தயிரைக் கொட்டி எடுத்து வந்தேன். "வேணாம்மா, ஓடணும், மாஸ்டர் லைட்டா சாப்பிடச் சொன்னாரு" என்று நீ சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. நான் விட்டேனா? "வெயில்ல ஓடப்போற, வயிறு குளிர்ச்சியா இருக்கட்டும், ஜல்தியா சாப்டு" என்று தட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு அத்தனையையும் சாப்பிட்டாய். வழித்துத் துடைத்த தட்டைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

சாயங்காலம் நீ வந்து, "கால் புடிச்சிக்கினு போச்சும்மா, ஓட முடியல" என்றாய். உடனே நல்லெண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து தேய்க்க உட்கார்ந்தேன். இரண்டு வாரம் தேய்த்தேன். எந்தக் கால் என்று கேட்டால் ஒரு நாள் வலது என்பாய், ஒரு நாள் இடது என்பாய். அப்போதாவது எனக்கு உறைத்ததா? இரண்டு காலும் பிசகியிருக்கிறது என்று நினைத்து இரண்டையும் சேர்த்துத் தேய்த்தேன். நீயும் சும்மா காலை நீட்டிக்கொண்டு கிடந்தாய். நான் யார் யாரையெல்லாம் திட்டினேன்! கிரவுண்டைத் திட்டினேன், உன் ஷூவைத் திட்டினேன், உன் மாஸ்டர் சரியாகப் பழக்கவில்லை என்று அவரைத் திட்டினேன். "வுடும்மா, அவரு இன்னா பண்ணுவாரு" என்று மட்டும் சொன்னாய். என்னைத் தவிர உலகத்தில் எல்லாரையும் நான் திட்டி முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே இருந்தாய். தினேஷ் சொன்னதிலிருந்து எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் வெட்கமும் வருகிறது, சிரிப்பும் வருகிறது.

எண்ணெய் தேய்த்து முடித்த அடுத்த வாரமே நீ ஆரம்பித்துவிட்டாய். "இனிமே ராத்திரிக்குத் தயிரு வேணாம்மா. பகல்ல ஒரு கிண்ணம் போதும். காலையில ஓடிட்டு வந்தா கேப்பைக் கூழும் மோரும் குடு" என்றாய். மோர் என்றதும் எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! கரண்டியைத் தூக்கிப் போட்டேன். "இந்த வூட்ல மோரு கெடையாது. மோரு குடிக்கணும்னா வேற வூட்டுக்குப் போ" என்று கத்தினேன். நீ பதிலுக்குக் கத்தவில்லை. கரண்டியை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு, "மோருன்னா உனக்கு இன்னாம்மா பிரச்சினை?" என்று கேட்டாய். கல்யாணமான இருபத்து மூன்று வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் உன்னிடம் பின்வாசலையும் தூக்கையும் பற்றிச் சொன்னேன். நீ தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாய். பிறகு சொன்னாய்: "அது அவங்க மோரும்மா, அவங்க ஊத்துனது. இது நம்ம பாலு, நம்ம தயிரு. நீ கடைஞ்சு என் கையில குடு, நான் குடிக்கிறேன்." கண்ணு, எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். எனக்குள் இறங்கியது இந்த ஒன்றுதான்.

மறுநாள் மார்க்கெட்டுக்குப் போய் மத்து வாங்கினேன். நாற்பத்து நான்கு வயசில் முதல் மத்து. கடைந்தால் சுவரெல்லாம் தெறிக்கிறது, உன் அப்பா சட்டையிலெல்லாம் தெறிக்கிறது. "வெள்ளை அடிக்கிற வேலைய மிச்சம் பண்ற" என்று அவர் கிண்டல் செய்தார். நீ அண்ணாந்து குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டாய். மோர் குடித்தாலே இளைத்துவிடலாம் என்று நான் நம்ப ஆரம்பித்தேன், எனக்குத்தான் எதிலும் அளவே கிடையாதே! பகல் முழுக்க மோராக ஊற்றப் பார்த்தேன். "மோரு மேஜிக் இல்லம்மா, நான் சோத்தக் கொறைச்சிருக்கேன், ராத்திரி ஜல்தியா சாப்புட்றேன், ஓட்றேன், அதான்" என்று நீ விளக்கினாய். நெஞ்செரிச்சல் நின்றது, வயிறு உப்புவது நின்றது. பகல் சோற்றுக்கு அதே கெட்டித் தயிரை ஒரு கிண்ணம் ரசித்துச் சாப்பிட்டாய், அது அழகாகச் செரித்தது. உன் வயிற்றுக்கு ஒரு குறையும் இல்லை, எந்த வயிறும் என் கரண்டியைத் தாங்கியிருக்காது. வருஷக் கடைசியில் எழுபத்தொரு கிலோவில் நின்றாய். உன் பழைய பேண்டையெல்லாம் உன் அப்பாதான் இப்போதும் போட்டுக்கொண்டு திரிகிறார்.

இரண்டாம் தடவை ஓடிய அன்று, "இன்னா வேணும்?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு வாழைப்பழம் என்றாய். கை துறுதுறுவென்றது, அடக்கிக்கொண்டு இரண்டே இரண்டு கொடுத்தேன். நானும் அப்பாவும் லோடு ஆட்டோவில் விழுப்புரம் வரைக்கும் வந்து கிரவுண்டுக்கு வெளியே மதில் ஓரமாக நின்றோம். உள்ளே விசில் சத்தம் கேட்டதும் அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நான் கண்ணை மூடிக்கொண்டேன். அது உன் விசிலா, வேறு பேட்ச் விசிலா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு விசிலுக்கும் கும்பிட்டேன். மதியம் நீ கேட்டைத் தாண்டி வந்து, "ஆறு இருபதும்மா" என்றாய். ஏழு நிமிஷத்தில் நாற்பது வினாடி மிச்சம்! உன் அப்பா நடுரோட்டில் உன்னைத் தூக்கப் பார்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நீ காக்கி போட்ட அன்று தெருவே வந்து பார்த்தது. பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய். அந்த போட்டோவைச் சத்துணவுக் கூடத்தில் காட்டாத ஆள் பாக்கியில்லை, ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை பார்த்துவிட்டார். ஆனால் போன மாதத்திலிருந்து என் பெருமை வேறு இடத்துக்கு மாறிவிட்டது. வாந்தி எடுத்து, வாயைத் துடைத்துக்கொண்டு, தோற்கப்போகிறோம் என்று தெரிந்தும் கடைசிக் கோடு வரைக்கும் ஓடினாய் பார், அதற்குப் பெருமைப்படுகிறேன். வீட்டுக்கு வந்து, "உன்னாலதாம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அன்றைக்கே உடைந்துபோயிருப்பேன். அதைச் சொல்லாமல் ஒன்றுமில்லாத காலை என் மடியில் நீட்டினாயே, அதற்கு எந்த மெடலும் கிடையாது. என் பிள்ளை ரொம்பப் பெரிய மனுஷன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், ஒரு நாளைக்குப் பத்து தடவை.

தாய் என்கிற உரிமையில் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். இப்போது பட்டாலியனில் இருக்கிறாய், என்றைக்காவது நீ ஸ்டேஷனில் உட்காருகிற நாள் வரும். வெயிலில் நடந்து, பயந்து, யாராவது வந்து நிற்பார்கள். கேஸ் என்னவாக இருந்தாலும் முதலில் தண்ணீர் கொடு. நீ குடிக்கிற டம்ளரில் ஊற்றி, அவர்கள் கையில் கொடு. இவனுக்கெல்லாம் இது போதும் என்று உன் வாயிலிருந்து ஒரு நாளும் வரக் கூடாது. அந்த ஒரு வார்த்தை ஒரு பத்து வயசுப் பெண்ணுக்குள் எத்தனை வருஷம் உட்கார்ந்திருக்கும் என்று உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இப்போதே வேளைக்குச் சாப்பிடு, பந்தோபஸ்து அது இது என்று பட்டினி கிடந்துவிட்டு ராத்திரியில் பரோட்டாவைப் போட்டு அமுக்காதே.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நேற்று மதியம் நீ கிளம்பப் போகிறாயே என்ற துக்கத்தில் எனக்குப் பழைய கை வந்துவிட்டது. ஒரு கரண்டி தயிர் போட்டேன், இரண்டாவது போட்டேன், மூன்றாவதும் போட்டேன். நீ என் முகத்தைப் பார்த்தாய், அத்தனையையும் சாப்பிட்டாய். பிறகு பேனா வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாய். அரை மணி கழித்து உன் அப்பா போன் பண்ணினார். "உன் புள்ள ஏரிக்கரையில மொட்டை வெயில்ல வேகவேகமா நடந்துக்கினு இருக்கான்டி, வயித்தப் புடிச்சிக்கினு. இன்னா ஆச்சு அவனுக்கு?" எனக்குத் தெரியும் என்ன ஆச்சு என்று. நீ வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து, பேனா கடை மூடியிருந்தது என்றாய்.

போதும் கண்ணு. எனக்காக நீ சாப்பிட்டது போதும். அடுத்த லீவுக்கு வா, நான் சும்மா இருக்கமாட்டேன், மறுபடியும் கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவேன். நீ தட்டின் மேல் கையை விரித்து மூடு. "வேணாம்மா" என்று சொல். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், பாத்திரத்தை டமார் டிமீர் என்று உருட்டுவேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருப்பேன். அதைப் பார்த்து இளகிப்போய்க் கையை எடுத்துவிடாதே. அப்படியே வைத்திரு.